சுருக்குப் பையில் இருந்த சீட்டு

அன்று புதன்கிழமை. உள்ளூர் விடுமுறை. வருகைப் பதிவேட்டை எடுத்து வரலாம் என்று காலை ஒன்பதரை மணிவாக்கில் பள்ளிக்குப் போனேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே, புங்கமரத்து வேரில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பேத்தி. தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, சீருடை போட்டு, மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணியிலிருந்து காத்திருக்கிறார்களாம்.

"இன்றைக்குப் பொங்கல் போடுகிற நாள் ஆயிற்றே, டீச்சர். சமைக்கிற பெண்கள் யாரையும் காணோமே?" என்று கேட்டார் ஆயா.

"நேற்றே சீட்டு கொடுத்து அனுப்பினோமே, ஆயா" என்றேன்.

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தார். வெற்றிலைக்கும் இரண்டு பத்து ரூபாய்த் தாள்களுக்கும் நடுவிலிருந்து, எட்டாக மடித்த சீட்டு வந்தது. ஒரு மூலையில் சுண்ணாம்புக் கறை. பணத்தோடு பணமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "பிள்ளை கொடுத்தாள். படித்துச் சொல்லச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டுப் பையனைத் தேடினேன். அவன் வேலை முடிந்து வரவே இல்லை" என்றார்.

அந்தச் சீட்டை எழுதியது நான்தான். "மாவட்ட ஆட்சியர் அவர்களின் ஆணைப்படி உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ளதால் நாளை பள்ளி இயங்காது என்பது பெற்றோர்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது." எழுத்துப் பிழை இல்லை, முத்திரை இருந்தது, கையெழுத்தும் இருந்தது. நாளைக்குக் காலைச் சாப்பாடு கிடையாது, வீட்டில் ஏதாவது செய்து கொடுங்கள் என்பது மட்டும் இல்லை. அந்த வீட்டுக்கு வேண்டியிருந்த செய்தி அது ஒன்றுதான். டீக்கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை இரண்டைத் தின்றுவிட்டு, மீதி இரண்டை ஆயாவிடம் நீட்டினாள். ஆயாவும் அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தருமபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 46 பிள்ளைகள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. எங்களைப் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளுக்கெல்லாம் 2023 ஆகஸ்ட் 25 அன்று வந்து சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் விடுமுறைச் செய்தி போய்ச் சேராவிட்டால், வீட்டில் பழையதையாவது சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளை, பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகும். இப்போது அப்படி இல்லை. காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் விடியலில் கிளம்பும் தாய்மார்கள் பள்ளி அடுப்பை நம்பிப் போகிறார்கள். ஒரு செய்தி தவறினால் ஒரு வயிறு காய்கிறது. "தகவல் கொடுத்தாயிற்று" என்று பதிவேட்டில் குறிக்கும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தினேன்.

அடுத்த இரண்டு வாரம், மாலையில் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போனேன். நான்கே கேள்விகள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு யார் இருப்பார்? இரவு எட்டு மணிக்கு யார்? அந்த நேரத்தில் செல்போன் யார் கையில் இருக்கும்? எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிந்தவர் யார்? இருபது வருடப் பணியில் இதை ஒரு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மொத்தம் 37 வீடுகள். 14 வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது ஆயாவோ தாத்தாவோதான். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருந்தார்கள். 11 வீடுகளில் பட்டன் போன் மட்டும்தான். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண். வாட்ஸ்அப் குழுவில் இருப்பதும் அந்த எண்தான். மாலை நான்கு மணிக்கு நான் அனுப்பும் செய்தியை அவர் இரவு ஒன்பது மணிக்கு பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கிறார். பிள்ளை தூங்கிவிட்ட பிறகு ஊருக்குப் போன் செய்வதா என்று விட்டுவிடுகிறார். நானோ இங்கே நீல டிக்குகளை எண்ணி, செய்தி வீட்டுக்குப் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, ஊரில் இருப்பவர்கள் எங்கே கூடுகிறார்கள்? கோவிலா, ரேஷன் கடையா என்று யோசித்தேன். விடை தெரிந்த இடத்தில்தான் இருந்தது: பால் சொசைட்டி. காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஐந்திலிருந்து ஆறு. மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றே ஆக வேண்டும். மாடு இல்லாத வீட்டுக்காரர்கள் அரை லிட்டர் வாங்க வருவார்கள். செயலாளரிடம் கேட்டேன். ஊற்றுபவர்களின் கணக்கு ஒட்டும் சுவரில் ஒரு முழச் சதுரம் ஒதுக்கிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பழைய கரும்பலகை ஒன்றை அங்கே மாட்டினோம்.

பலகையில் எழுதுவதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது. முதல் சொல் கிழமை. அடுத்தது என்ன நடக்கப்போகிறது. அடுத்தது வீட்டில் என்ன செய்ய வேண்டும். அதோடு முடித்துவிட வேண்டும். "வியாழன் – பள்ளி இல்லை. காலைச் சாப்பாடும் இல்லை. வெள்ளி உண்டு." ஆணை, அறிவிப்பு, தெரிவித்துக்கொள்கிறோம் எதுவும் வேண்டாம். எழுத்து உள்ளங்கை அகலம் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பால் அளப்பவரே ஒவ்வொரு பாத்திரத்தை வாங்கும்போதும் அதைச் சொல்லிவிடுகிறார். நாங்கள் கேட்டுக்கொண்டு அவர் செய்யவில்லை. இரண்டாம் நாளே தானாகத் தொடங்கிவிட்டார். இன்னொன்று: நாள் முடிந்ததும் பலகையை அழித்துவிட வேண்டும். பழைய செய்தி கிடக்கும் பலகையை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒருமுறை நான் மறந்துபோய், முடிந்துபோன சனிக்கிழமை வேலை நாளைப் பார்த்து மூன்று பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், இதற்கு எதற்குப் பலகை, தண்டோரா போடச் சொல்லலாமே என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது பலருக்கு நினைவிருக்கும். ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தோளில் ஏற்றி வைத்திருந்தோம் என்பது தெரிந்தும், பள்ளிக்கூடச் செய்திக்கு அந்தப் பறையைத் தேடிப் போவது எனக்குச் சம்மதமில்லை. என் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த வழி பிள்ளைகளேதான். பள்ளி விடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்து, வீட்டில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்ல வைக்கிறோம். இதில் நான் பட்ட அடி பெரியது. பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பார்கள். முதல் நாள் நான் சொல்லி அனுப்பிய வாக்கியம்: "நாளைக்குச் சுகாதாரத் துறையிலிருந்து வருகிறார்கள், எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்." கேட்டைத் தாண்டுவதற்குள் அது "நாளைக்கு ஊசி" ஆகிவிட்டது. மறுநாள் 13 பேர் வரவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் நர்ஸைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்து முடித்தோம்.

பிள்ளைகள்மீது குற்றம் இல்லை. சுகாதாரத் துறை என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? ஆகஸ்டில் வேறு மாதிரி செய்தோம். முதல் நாள் மாலையே கிராம சுகாதார செவிலியரைப் பால் சொசைட்டிக்கு அழைத்து வந்தேன். மாத்திரையைக் கையில் வைத்துக் காட்டினார். இது ஊசி இல்லை, மென்று தின்கிற மாத்திரை. வயிற்றில் புழு அதிகம் இருக்கும் சில பிள்ளைகளுக்கு லேசாக வயிற்று வலியோ குமட்டலோ வரலாம், சீக்கிரம் சரியாகிவிடும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்க மாட்டோம். மூன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குமட்டல் வரலாம் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது, பயந்து அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்று. அவர்தான் சொல்லியே ஆக வேண்டும் என்றார். மறுநாள் ஒரு பையன் வாந்தி எடுத்தான். அவன் அம்மா வந்து, "இது வரும் என்று நேற்றே சொன்னார்களே" என்று முகத்தைத் துடைத்துவிட்டு, வகுப்பிலேயே விட்டுப் போனார். சொல்லாமல் இருந்திருந்தால் அன்று மதியம் பள்ளி வாசலில் ஊரே கூடியிருக்கும்.

வராந்தா வாக்கியத்தையும் மாற்றினோம். இப்போதெல்லாம் மறுநாள் காலையில் இரண்டு கேள்வி கேட்கிறோம்: யாரிடம் சொன்னாய்? அவர் திருப்பி என்ன கேட்டார்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள் எனக்குப் பொக்கிஷம். "சனிக்கிழமை பள்ளி உண்டென்றால் சோறும் உண்டா என்று ஆயா கேட்டது." "சீருடைக்கு அளவு எடுப்பதற்குக் காசு கேட்பார்களா என்று அப்பா கேட்டார்." நான்கு இணைச் சீருடையும் பாடநூலும் புத்தகப் பையும் காலணியும் அரசு விலையில்லாமல் கொடுப்பது எனக்கு மனப்பாடம். அதைக்கூட ஒரு வீட்டில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிள்ளை வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மழைக்கால விடுமுறை தனிக் கதை. ஐப்பசி கார்த்திகையில் இரவு முழுக்க ஊற்றினால், விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் விடுமுறைப் படம் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். பாதி நாள் அது போன வருடத்துப் படமாக இருக்கும், இல்லையென்றால் வேறு மாவட்டத்தினுடையதாக இருக்கும். அதனால் ஊரில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: படம் எதையும் நம்ப வேண்டாம், என் குரல் வந்தால்தான் விடுமுறை. தேதியையும் கிழமையையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். அரை நிமிடத்துக்கு மேல் பேச மாட்டேன். பட்டன் போன் வீடுகளுக்கு, தெருவுக்கு ஒருவராக ஆறு தாய்மார்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். நான் ஆறு பேருக்குப் போன் செய்தால் போதும், அவர்கள் எட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். காலைச் சமையல் செய்யும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஆறு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

எதைச் சொல்வது என்பதைப் போலவே, எதை ஊர் முன்னால் சொல்லக் கூடாது என்பதையும் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தொடர்ந்து வராத ஐந்து பிள்ளைகளின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெற்றோர் கவனிக்கவும் என்று எழுதினேன். அன்று மாலை ஒரு தாய் வந்தார். உள்ளே வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு கிட்டே வந்து, "கைக்குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, டீச்சர். வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால்தான் பெரியவனை நிறுத்தினேன். என் வீட்டு நிலைமை பெங்களூரில் இருக்கிற என் நாத்தனார் வரைக்கும் தெரிய வேண்டுமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. நான் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன், அவர் முன்னாலேயே அந்தச் செய்தியை அழித்தேன். அன்றிலிருந்து குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரும் வருவதில்லை, நல்ல செய்திக்கும்கூட. ஒரு பிள்ளையைப் பற்றியது அந்த வீட்டுக்கு மட்டும்தான்; கூடுமானவரை நேரில்தான்.

பள்ளியிலிருந்து போன் வந்தாலே வீட்டில் பதறுகிறார்கள் என்பதையும் அந்தத் தாய்தான் சொன்னார். அதற்குப் பிறகு, ஜூனில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் முதல் போன் நல்ல சேதிக்குத்தான் செய்கிறேன். இன்றைக்கு அழாமல் இருந்தான், கத்திரிக்காயை ஒதுக்காமல் சாப்பிட்டான் என்று, இவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகாது. பின்னால் என்றாவது அடிபட்டுவிட்டது என்று சொல்ல நேர்ந்தால், எடுத்ததும் அலறாமல் நான் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் குழுவில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் அரைநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? கூட்ட நேரத்தை மாற்ற என்னால் ஆகாது. முந்தைய நாள் மாலை பால் சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன பேசப் போகிறோம், உங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று கால் மணி நேரம் பேசுகிறேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்ற செய்தி எனக்கு அந்தத் திண்ணையில்தான் கிடைத்தது. எங்களிடமிருந்து வீட்டுக்குப் போகும் செய்தியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து எங்களுக்கு வர வேண்டிய செய்தி அதைவிட நாள்பட்டுத் தேங்கிக் கிடந்தது.

விடுமுறையையும் மாத்திரையையும் சொல்வது எளிது. பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்வதுதான் கடினம். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கத் தொடங்கினோம். அழகான பெயர்கள். ஒரு தாத்தா வந்து, "மூன்றாம் வகுப்புக்கு வந்தும் என் பேரன் அரும்புதானா? பக்கத்து வீட்டுப் பெண் மலராமே, இவனை ஃபெயில் பண்ணிவிட்டீர்களா?" என்று கலங்கிப் போய்க் கேட்டார். நான் நிலைகளையெல்லாம் விளக்கினேன். பாவம், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்; ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பையனைக் கூப்பிட்டு, எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி, அவர் முன்னாலேயே படிக்கச் சொன்னேன். ப, ட, ம் மூன்றையும் சேர்த்துப் 'படம்' என்றான். அடுத்து 'பாடம்' வந்தபோது துணைக்கால் அட்டையைக் கையில் எடுத்துவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைத்தான். "பாருங்கள் தாத்தா, எழுத்து எல்லாம் தெரிகிறது. இந்தக் கால், கொம்பு வருகிற இடத்தில்தான் தடுக்கிறது. அதைத்தான் இந்த மாதம் சொல்லித் தருகிறோம்" என்றேன். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேரன் எந்த இடத்தில் நின்றான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவராகவே வந்து, "கால் வைக்கிறானா?" என்று கேட்டார்.

அந்தப் பையனின் அப்பா பெங்களூரில். அவருக்கு நான் ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. இரவில் மகனிடம் வீடியோவில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்டதும், ஐந்து வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். இப்போது அந்த வகுப்பில் எட்டு பிள்ளைகள் இரவில் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். எந்தப் பக்கம் என்பதை வராந்தா வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்புகிறோம்.

இவ்வளவு செய்தும் எட்டாத வீடுகள் உண்டு. பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பும். திரும்பி வர ஆனி ஆகிவிடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். முன்பெல்லாம் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையைச் சூளையிலேயே வைத்துக்கொள்வார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவர்களிடம் வாயால் சொன்னால் சூளை வாசலில் மறந்து போகும். அதனால் பிள்ளைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன்: பெயர், வகுப்பு, எமிஸ் எண், எதுவரை படிக்கத் தெரியும், எந்தக் கணக்கில் நிற்கிறாள், என் செல்போன் எண். அடியில் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இதை அங்கே பக்கத்தில் இருக்கும் பள்ளியில் காட்டுங்கள், சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். போன வருடம் மூன்று தாள் கொடுத்தேன். ஒரு பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் கூப்பிட்டு, பிள்ளை கழித்தலில் கடன் வாங்கும் கணக்கு வரைக்கும் வந்துவிட்டாளா என்று விசாரித்தார். மற்ற இரண்டு பிள்ளைகள் ஆனியில் திரும்பியபோது கையில் காய்ப்பு இருந்தது. எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. தாளைக் காட்ட அப்பாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கவில்லையாம்.

இந்தத் தை மாதமும் மூன்று குடும்பங்கள் கிளம்புகின்றன. சூளைக்காரரின் வண்டி எந்த நாள் வரும் என்பது அவர்களுக்கே முதல் நாள் இரவுதான் தெரியும். விடியும் முன் ஏறிவிடுவார்கள், நான் பள்ளிக்கு வந்து பார்க்கும்போது இடம் காலியாக இருக்கும். இம்முறை, சூளைகள் இருக்கும் ஊரின் பள்ளி எண்ணை முன்கூட்டியே விசாரித்து வாங்கி, அங்கிருக்கும் தலைமையாசிரியரிடம் நானே பேசிவிட்டேன். தாள்களை உறையில் போட்டு ஒட்டி, மேலே பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி, பால் சொசைட்டிச் செயலாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வண்டி வந்து நிற்பது அதன் வாசலில்தான். ஐந்தரை மணிக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.